கையூன்றாமல் எழுந்திருங்க, அப்பத்தா!

‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்றால் சர்க்கரைக்கும் பிரஷருக்கும் வீடு தேடி மாத்திரை வரும் என்பதுதான் எல்லோருக்கும் நினைவு வரும். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய திட்டம். மகளிர் சுயஉதவிக் குழு அக்காக்கள் தன்னார்வலர்களாக வந்து பிரஷர் பார்த்து, மாத்திரை கொடுத்துவிட்டுப் போவார்கள். அவர்களுக்குப் பின்னால் வருகிற பிசியோதெரபிஸ்ட் நான். ‘எக்சர்சைஸ் டாக்டரம்மா’ என்று கூப்பிடுவார்கள்.

போனதும் சீட்டைப் பார்ப்பதில்லை. “கையை நெஞ்சோட கட்டிக்கிட்டு, நாற்காலியிலேர்ந்து எழுந்து எழுந்து உக்காருங்க அப்பத்தா” என்பேன். 30 விநாடி கணக்கு. 70 முதல் 74 வயதுப் பெண்ணால் 10 முறைகூட முடியவில்லை என்றால், கீழே விழும் ஆபத்து அதிகம் என்கிறது அமெரிக்க நோய்த்தடுப்பு மையத்தின் அளவுகோல். தொடையில் வலு போனால் கக்கூஸுக்குப் போகவும் துணைக்கு ஆள் வேண்டும். விழுந்து இடுப்பெலும்பு முறிந்தவர்களில் பலர் பழையபடி நடப்பதே இல்லை.

வலுவைக் கெடுப்பதில் பாசத்துக்கும் பங்குண்டு. “நீ சும்மா உக்காரும்மா, நாங்க பாத்துக்கிறோம்” என்று மருமகள் தண்ணீர்ச் சொம்பைக்கூட வாங்கிக்கொள்வாள். அந்த நல்ல பெண்ணிடம் சண்டை போடுவதுதான் என் வேலையிலேயே கஷ்டமானது.

நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தில், முதியவர்கள் விழுவதைத் தடுப்பதற்கென்றே வீட்டுப் பயிற்சி ஒன்றை வகுத்தார்கள். கணுக்காலில் எடை கட்டிக் காலை நீட்டி மடக்குவது, ஒற்றைக் காலில் நிற்பது, குதிகாலை விரலோடு ஒட்டி வைத்து நடப்பது. ஆய்வுகளில், விழுவது ஏறக்குறைய 35 சதவீதம் குறைந்தது. எங்களுக்கு எடைப் பட்டை ஏது? துணிப்பையில் அரைக் கிலோ மணல் போதும். நிற்கும்போது சமையல் மேடையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். வாரத்தில் மூன்று நாளாவது செய்ய வேண்டும்.

வீட்டில் தனியாகச் செய்யச் சொன்னால் ஒரு வாரம் தாண்டாது. அங்கன்வாடித் திண்ணையில் நாலு பேரைச் சேர்த்துவிட்டால் ஊர்க்கதைக்காகவாவது வருவார்கள். ஒரு தாத்தா மட்டும், “இதுக்கு மாத்திரை இல்லையா தாயி?” என்று வாராவாரம் கேட்பார். கேட்டுக்கொண்டே காலையும் தூக்குவார்.

பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு ஒன்று: விடியற்காலையில் சட்டென்று எழுந்து நடக்காதீர்கள். கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கப்போட்டு ஒரு நிமிஷம் உட்காருங்கள். தலை சுற்றவில்லை என்றால் பிறகு எழுந்திருங்கள்.