கண் திறக்க மறுத்த புதுக் கம்ப்யூட்டர்

கடையில் தராசு பழுதானால் பக்கத்துக் கடையில் இரவல் வாங்கி அன்றைய வியாபாரத்தை ஓட்டிவிடலாம். கம்ப்யூட்டர் நின்றுவிட்டால் அப்படி முடியாது. பில், சரக்கு இருப்பு, வெளியூர்ப் பாக்கி, வரிக் கணக்கு எல்லாம் இன்று அந்தப் பெட்டிக்குள்தான் இருக்கின்றன. பழைய பெட்டி நின்றால் வயதாகிவிட்டது என்று மனதைத் தேற்றிக்கொள்ளலாம். புதிதாகப் பணம் போட்டு வாங்கி, சந்தனம் குங்குமம் வைத்து, பொத்தானை அழுத்தினால் அசையவே இல்லை என்றால் என்ன செய்வது? எங்கள் மண்டியில் அதுதான் நடந்தது. மற்றவர்களுக்கும் உதவும் என்று இங்கே எழுதுகிறோம்.

மதுரை கீழமாசி வீதிப் பக்கம் பருப்பும் மிளகாய் வற்றலும் மொத்தமாக விற்று வருகிறோம். எங்கள் பழைய கம்ப்யூட்டர் பத்து வருடம் உழைத்தது. அதில் இருந்த விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு வழக்கமான ஆதரவை நிறுத்திவிட்டது. அந்தப் பழைய பிராசஸரில் விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது என்று ஆடிட்டர் அலுவலகத்தில் சொன்னார்கள். புதிது வாங்குவது என்று முடிவாயிற்று. எங்கள் தங்கை மகன் இன்ஜினியரிங் படிக்கிறான். "மாமா, கம்பெனி கம்ப்யூட்டர் வேண்டாம். பாகங்களை வாங்குங்கள், நானே மாட்டித் தருகிறேன். நாளைக்கு ஒன்று பழுதானாலும் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்" என்றான். கணக்கு சரியாகத்தான் பட்டது.

பாகம் விற்ற கடையில் பழைய பெட்டியை எடுத்துக்கொண்டு 2,000 ரூபாய் கழித்தார்கள். கொடுப்பதற்கு முன்பே டாலிக் கணக்கை ஒரு பென் டிரைவில் ஏற்றி வைத்துவிட்டோம் என்ற தைரியம் எங்களுக்கு. 9ஆம் தேதி மாலை மருமகன் எல்லாவற்றையும் மாட்டி முடித்தான். வீட்டார் சுற்றி நிற்க, பொத்தானை அழுத்தினோம். விளக்கில்லை, சத்தமில்லை. இன்னொரு முறை அழுத்தினோம். இரும்புப் பெட்டி இரும்புப் பெட்டியாகவே இருந்தது.

மாதாமாதம் தாக்கல் செய்கிறவர்களுக்கு ஜி.எஸ்.டி.ஆர். 1 கொடுக்கக் கடைசி நாள் 11ஆம் தேதி என்பது நாம் அறிந்ததே. தாமதக் கட்டணம் நாளுக்கு 50 ரூபாய். அது பெரிய நஷ்டமில்லை. நாம் அந்தத் தேதிக்குள் பில் விவரத்தை ஏற்றாவிட்டால், 14ஆம் தேதி உருவாகும் ஜி.எஸ்.டி.ஆர். 2பி-யில் நம்மிடம் சரக்கு எடுத்த சில்லறைக் கடைக்காரருக்கு அந்த வரி வரவு வராது. அவர் அந்த மாதம் கைப்பணத்தைப் போட்டு வரி கட்ட வேண்டியிருக்கும். அடுத்த முறை சரக்குக்கு எந்த மண்டிக்குப் போவார் என்று சொல்ல வேண்டியதில்லை.

முதலில் கணக்கு, பிறகு பெட்டி

அன்று இரவு மருமகன் திருப்புளியும் கையுமாக உட்கார்ந்துவிட்டான். எங்கள் கணக்குப்பிள்ளை மட்டும் மெதுவாகச் சொன்னார்: "முதலாளி, பெட்டி எங்கே போகப் போகிறது. அந்தக் குச்சியில் கணக்கு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்." முப்பது வருடம் பேரேடு எழுதிய மனிதர். மறுநாள் காலை பென் டிரைவை ஆடிட்டர் அலுவலகத்தில் போட்டுத் திறந்து பார்த்தோம். கணக்கு திறந்தது. ஆனால் முந்தைய மாதக் கடைசி வரைதான் இருந்தது. இந்த மாதத்து எட்டு நாள் பில்லும் வசூலும் அதில் இல்லை. நாங்கள் நகல் எடுத்தது 1ஆம் தேதி காலை. பெட்டியைக் கொடுத்தது 9ஆம் தேதி. நடுவில் வியாபாரம் நடந்தது யாருக்கும் நினைவில்லை.

ரிட்டன் போட முந்தைய மாதம் போதும். அதை ஆடிட்டர் அலுவலகத்திலிருந்தே அன்றே தாக்கல் செய்துவிட்டோம். எட்டு நாள் பாக்கிக் கணக்கு? மருமகன் வண்டியை எடுத்துக்கொண்டு அந்தக் கடைக்குப் பறந்தான். நல்ல வேளை, பழைய ஹார்டு டிஸ்க்கை அவர்கள் இன்னும் அழிக்கவில்லை. 500 ரூபாய் கொடுத்து நம் டிஸ்க்கையே திரும்ப வாங்கி வந்தோம். கொடுத்த 500 ரூபாய் எங்களுக்கு இன்றுவரை உறுத்தவில்லை.

புதியது ஓடி, கணக்கு அதில் திறந்து, ஒரு வாரம் பில் போட்ட பிறகே பழையதைக் கொடுக்க வேண்டும் என்று இப்போது பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறோம். அப்போதும் டிஸ்க்கைக் கழற்றிக்கொண்டு கொடுப்பது உத்தமம். அதில் நம் வாடிக்கையாளரின் பெயரும் போன் நம்பரும் பாக்கியும் இருக்கின்றன.

அசைவே இல்லையென்றால்

கணக்கு கைக்கு வந்ததும் பதற்றம் போய்விட்டது. 10ஆம் தேதி இரவு ஷட்டரை இறக்கிவிட்டு நிதானமாக உட்கார்ந்தோம். பேரேட்டில் கூட்டல் ஒத்துவராவிட்டால் முதல் பக்கத்திலிருந்து வருவதுபோல, கரண்ட் வரும் வழியிலேயே போக வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும். நாலைச் சேர்த்து மாற்றினால் எது கோளாறு என்று தெரியாமலே போய்விடும்.

சுவர் பிளக்கில் ஒரு டேபிள் ஃபேனை மாட்டிப் பார்த்தோம், சுற்றியது. யு.பி.எஸ்.ஸை விலக்கிவிட்டு நேரடியாகச் சுவரில் செருகினோம். பின்பக்கம் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியில் ஒரு சிறிய சுவிட்ச் இருக்கும். ஒரு கோடு போட்ட பக்கம் அழுந்தியிருந்தால் கரண்ட் உண்டு. வட்டம் போட்ட பக்கம் அழுந்தியிருந்தால் இல்லை. இந்தச் சுவிட்சைப் போடாமலே ஆளை வரச்சொல்லி, வந்தவர் விரலால் தட்டிவிட்டு வருகைக் கட்டணம் வாங்கிப் போவது உண்டு. எங்களுடையது சரியாகத்தான் இருந்தது.

அடுத்து முன்பக்கப் பொத்தான். அதிலிருந்து இரண்டு மெல்லிய ஒயர்கள் மதர்போர்டின் ஓரத்தில் உள்ள ஊசிபோன்ற பின்களில் மாட்டப்படும். அங்கே விளக்குக்கு, ரீசெட்டுக்கு, பவருக்கு என்று வரிசையாகப் பின்கள் இருக்கின்றன. எழுத்தோ எறும்பு அளவு. மருமகன் ஒரு ஜோடி தள்ளி மாட்டியிருந்தான். மதர்போர்டோடு வந்த சிறு புத்தகத்தில் படம் இருக்கிறது. அதைப் பார்த்து மாற்றினான். ஒயர் சரியா என்று சந்தேகமானால், பவருக்குரிய அந்த இரண்டு பின்களை மட்டும் திருப்புளி முனையால் ஒரு நொடி தொட்டுவிட்டு எடுக்கலாம். மிகக் குறைந்த மின்னழுத்தம்தான், ஷாக் அடிக்காது. பெட்டி ஓடினால் கோளாறு பொத்தானில் என்று பொருள். வேறு பின்களில் முனை படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இப்போது அழுத்தினோம். ஃபேன் சுற்றியது! வீட்டுப் பிள்ளைகள் கை தட்டினார்கள். திரை மட்டும் கறுப்பாகவே இருந்தது.

ஃபேன் சுற்றுகிறது, திரை கறுப்பு

இந்த நிலையில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். ஃபேன் சுற்றுவதால் கரண்ட் எல்லா இடத்துக்கும் போய்விட்டது என்று நினைக்கிறோம். மதர்போர்டுக்கு எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து இரண்டு கரண்ட் வழி உண்டு. ஒன்று 24 துளை உள்ள பெரிய கனெக்டர். அது கண்ணில் படும். மற்றது பிராசஸருக்கு மட்டும் போகும் 8 துளை கனெக்டர். சில போர்டுகளில் 4 துளை. அது போர்டின் மேல் மூலையில், பிராசஸர் ஃபேனின் மறைவில் இருக்கும். அதை விட்டுவிட்டால் ஃபேன் சுற்றும், மூளை வேலை செய்யாது.

எங்கள் போர்டில் கோளாறைக் காட்டும் நான்கு சிறு விளக்குகள் இருந்தன. பிராசஸர், ரேம், திரைக் கார்டு, டிஸ்க் என்று ஒவ்வொன்றுக்கும் ஒன்று. இப்போது வரும் பல போர்டுகளில் இந்த வசதி இருக்கிறது. இல்லாதவற்றில் சிறு ஸ்பீக்கர் மாட்டினால் பீப் சத்தத்தால் சொல்லும். எங்களுக்கு எரிந்தது பிராசஸர் விளக்கு. டார்ச் அடித்துப் பார்த்தால், அந்த 8 துளை கனெக்டர் பாதி இறங்கி நின்றது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு அழுத்தினோம். 'கிளிக்' என்று உட்கார்ந்தது. திரைக் கார்டுக்கு என்று வேறொரு 8 துளை கனெக்டரும் எஸ்.எம்.பி.எஸ்.ஸில் தொங்கும். பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் ஒயர் வரிசை வேறு. இறங்காததை முரட்டுத்தனமாக அழுத்திப் போர்டைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

ரேம் விளக்கு எரிகிறவர்கள் ரேமைக் கழற்றி மறுபடி மாட்ட வேண்டும். இரு ஓரமும் தாழ்ப்பாள் விழும்வரை நன்றாக அழுத்த வேண்டும். மென்மையாக வைத்தால் இறங்காது. இரண்டு ரேம் இருந்தால் ஒன்றை மட்டும் போட்டுப் பாருங்கள். நான்கு இடம் உள்ள போர்டில் பெரும்பாலும் பிராசஸரிலிருந்து இரண்டாவது, நான்காவது இடங்களே முதலில் நிரப்ப வேண்டியவை. டிடிஆர் 5 ரேம் வாங்கியவர்கள் இன்னொன்றும் அறிய வேண்டும். முதன்முதலில் ஓடும்போது போர்டு அந்த ரேமைப் பழக்கிக்கொள்ளச் சில நிமிடம் எடுக்கலாம். அதுவரை திரை கறுப்பாகவே இருக்கும். அவசரப்பட்டு நிறுத்தி நிறுத்திப் போட்டால் அது மறுபடி முதலிலிருந்து தொடங்கும். ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள்.

மானிட்டர் கேபிளும் ஒரு சங்கதி. தனியாகத் திரைக் கார்டு போட்டிருந்தால் கேபிளை அந்தக் கார்டில்தான் செருக வேண்டும், போர்டில் அல்ல. இன்டெல் பிராசஸர் எண்ணின் முடிவில் 'எஃப்' என்ற எழுத்து இருந்தால் அதில் திரை காட்டும் வசதி கிடையாது. தனிக் கார்டு இல்லாமல் படம் வராது. விலை சற்றுக் குறைவு என்று அதை வாங்கி, பிறகு கார்டுக்குச் செலவழிப்பது பில் போடும் கடைக்கு வீண்.

ஃபேன் ஒரு நொடி சுற்றி நின்றுவிட்டால், எங்கோ ஷார்ட் ஆகிறது என்று சந்தேகிக்கலாம். போர்டுக்கு அடியில் கழன்று விழுந்த திருகு, அல்லது தேவையில்லாத இடத்தில் நிற்கும் பித்தளை ஸ்டாண்ட் காரணமாக இருக்கும். போர்டை வெளியே எடுத்து, அது வந்த அட்டைப் பெட்டியின் மேல் வைத்து, பிராசஸரும் அதன் ஃபேனும் ஒரு ரேமும் மட்டும் போட்டு ஓட்டிப் பார்க்கலாம். அங்கே ஓடி, கேபினட்டுக்குள் ஓடாவிட்டால் விடை கிடைத்துவிட்டது. வட்டமான சி.ஆர். 2032 பேட்டரியை, பிளக்கைப் பிடுங்கிய நிலையில் சில நிமிடம் எடுத்து வைத்துவிட்டு மறுபடி போடுவதாலும் சில போர்டுகள் சரியாகும்; பழைய அமைப்புகள் அழிந்து புதிதாகத் தொடங்கும்.

எதைத் தொடுவதற்கு முன்பும் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பவர் பொத்தானைச் சில நொடி அழுத்திப் பிடித்து, கேபினட்டின் இரும்பை ஒருமுறை தொட்டுவிட்டுத் தொடுங்கள். எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் யாரும் திறக்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் ஆபத்தான கரண்ட் தேங்கி நிற்கும். அதில் சந்தேகம் என்றால் வேறொன்றை மாட்டிப் பார்ப்பதே வழி. கேபினட்டைத் தொட்டால் கை சுருக்கென்கிறதா? உங்கள் கடையில் எர்த் இல்லை, எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். பழைய கட்டடக் கடைகள் பலவற்றில் மூன்று துளை பிளக் இருக்கிறது, மூன்றாவது துளைக்குப் பின்னால் ஒயர் இருக்காது.

இவ்வளவுக்குப் பிறகும் ஓடாவிட்டால் வாங்கிய கடைக்கே கொண்டு போக வேண்டியதுதான். பிராசஸரின் அடியில் மதர்போர்டில் உள்ள மெல்லிய பின்கள் வளைந்திருந்தால் நாமே நிமிர்த்த முயல வேண்டாம். அங்கேதான் பில் பேசும். பாகம் பாகமாக வாங்கினால் வாரண்டியும் பாகத்துக்குப் பாகம் தனி. ஒவ்வொன்றின் சீரியல் எண்ணும் பில்லில் இருக்க வேண்டும். அட்டைப் பெட்டிகளை எறியக் கூடாது. எங்களுக்குத் தெரிந்த ஒரு மளிகைக் கடைக்காரர் பில் இல்லாமல் வாங்கினார். இதே கறுப்புத் திரை வந்தபோது, பழுது பார்த்தவர் மதர்போர்டு போய்விட்டது என்று புதிதாகப் போட்டுப் பணம் வாங்கினார். போய்விட்டதாகச் சொன்ன போர்டை அவர் மகன் நண்பன் வீட்டில் ரேமைத் துடைத்துப் போட்டுப் பார்த்தபோது அது ஓடியது. கேட்கக் கையில் சீட்டில்லை. பில் நம் ஜி.எஸ்.டி. எண் போட்டு இருந்தால், கட்டிய 18 சதவீத வரியையும் உள்ளீட்டு வரியாக எடுக்கலாம்; காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர்களுக்கு இது பொருந்தாது. அப்படி எடுத்த வரித் தொகைக்குத் தேய்மானம் கேட்க முடியாது என்பதை ஆடிட்டர் சொல்வார்.

எங்கள் கதைக்கு வருவோம். 8 துளை கனெக்டர் உட்கார்ந்ததும் பொத்தானை அழுத்தினோம். திரையில் எழுத்து வந்தது. டிஸ்க்கில் ஒன்றுமே இல்லை என்ற அறிவிப்புதான். கணக்குப்பிள்ளை முகம் வாடிவிட்டது. புது டிஸ்க் காலியாகத்தானே இருக்கும், இனிமேல்தான் விண்டோஸ் ஏற்ற வேண்டும் என்று மருமகன் விளக்கியபோது மணி பன்னிரண்டு. மறுநாள் பகல் முழுதும் கையால் பில் எழுதினோம். மாலைக்குள் விண்டோஸும் டாலியும் ஏறின; பழைய டிஸ்க்கிலிருந்து கணக்கை எடுத்து, எட்டு நாள் பாக்கியை நகல் பில்களோடு வரி வரியாக ஒத்துப் பார்த்தோம். சரியாக இருந்தது.

12ஆம் தேதி காலை முதல் பில், திருமங்கலம் கடை ஒன்றுக்கு இரண்டு மூட்டை துவரம் பருப்பு. பழைய டிஸ்க் இப்போது பீரோவில் கடைப் பத்திரங்களோடு இருக்கிறது. சாவி கணக்குப்பிள்ளையிடம்.