வெடித்த கைக்கு எதைப் பூசுவது, எப்போது பூசுவது?

மாத்தளையின் எல்கடுவ மலைச்சரிவுகளில் தேயிலைக் கொழுந்து எடுக்கும் கைகளில் அதிகம் அடிபடுவது கட்டைவிரலும் சுட்டுவிரலும்தான். இரண்டு இலையையும் ஒரு மொட்டையும் கிள்ளும்போது முறிந்த காம்பிலிருந்து கசியும் சாறு காற்றுப் பட்டதும் பழுப்பாகிறது. தொழிற்சாலையில் பச்சை இலையைக் கறுப்புத் தேயிலையாக்கும் அதே மாற்றம்தான் விரல் நுனியிலும் நடக்கிறது. அந்தக் கறை வெடிப்புகளுக்குள் இறங்கிவிட்டால் கழுவினாலும் லேசில் போகாது. காலையில் பனியும் மழையும் ஏறிய செடி, நண்பகலில் வெயிலும் காற்றும், லயத்துக்குத் திரும்பியதும் பாத்திரமும் துணியும் சவர்க்காரமும் என்று ஒரே நாளில் பலமுறை நனைந்து காய்கிற கை, நகக்கண் ஓரத்தில் உரிந்து விரல் மடிப்புகளில் வெடிக்கிறது. எண்ணெய்ப்பசை போய்விட்டது, நல்ல மூலிகைக் களிம்பாகப் பார்த்துப் பூசு என்பதுதான் வழக்கமான யோசனை. மாத்தளையிலிருந்து தம்புள்ளை போகும் வீதியோரத்து வாசனைத் திரவியத் தோட்டங்களில் இப்படிப்பட்ட களிம்புகளுக்கும் எண்ணெய்களுக்கும் குறைவில்லை. ஆனால் களிம்பு தோலுக்கு ஈரம் கொடுப்பதில்லை. தோலில் ஏற்கெனவே இருக்கிற ஈரம் ஓடிவிடாமல் காப்பதே அதன் முக்கிய வேலை. எதை வாங்குவது, எப்போது பூசுவது, எதைத் தவிர்ப்பது என்ற மூன்றுக்கும் விடை இதிலிருந்தே கிடைத்துவிடும்.

இதற்கான முதல் சான்று 1952இல் வந்தது. அமெரிக்கத் தோல் ஆய்வாளர் இர்வின் பிளாங்க், உள்ளங்காலிலிருந்து வெட்டியெடுத்த காய்ப்புத் தோல் துண்டுகளைக் காயவைத்துப் பார்த்தார். காய்ந்த துண்டு மொறுமொறுவென்று இருந்தது, வளைத்தால் முறிந்தது. அதை எண்ணெயில் ஊறவைத்தார், இளகவில்லை. தண்ணீரில் போட்டதும் வளைந்து கொடுத்தது. தோலின் மேலடுக்கை மிருதுவாக வைத்திருப்பது நீர்தான் என்பது அன்றிலிருந்து தோல் மருத்துவத்தின் அடிப்படைப் பாடமாயிற்று. இந்த மேலடுக்கைச் செங்கல் சுவரோடு ஒப்பிடுவது வழக்கம். தட்டையான செத்த கலங்கள் கற்கள். அவற்றுக்கிடையே செரமைடு, கொலஸ்டிரோல், கொழுப்பமிலங்கள் சேர்ந்த கொழுப்புப் பூச்சு சாந்து. கற்களுக்குள் யூரியா, அமினோ அமிலங்கள் போன்ற நீரைப் பிடித்து வைக்கும் பொருட்கள் இருக்கின்றன. சாந்து கரைந்தால் உள்ளிருக்கும் நீர் ஆவியாகிப் போகும். அந்தப் பொருட்கள் கழுவப்பட்டுப் போனால் நீரைப் பிடித்து வைக்க ஆளில்லை.

நனைந்த கையே காய்ந்து வெடிக்கும் முரண்பாடு இதனால்தான். நீரில் அதிகநேரம் ஊறிய தோல் உப்பி, தன் நீர்பிடிப் பொருட்களை இழக்கிறது. காயும்போது முன்னைவிட வறண்டு சுருங்குகிறது. சவர்க்காரம் கொழுப்புச் சாந்தையும் எடுத்துவிடுகிறது. தோலின் மேற்பரப்பு சற்றே அமிலத்தன்மை கொண்டது, அமிலகார எண் (pH) 5 அளவில் நிற்பது. சாதாரணக் கட்டிச் சவர்க்காரமோ 9, 10 என்று காரப்பக்கம் நிற்கிறது. போதாக்குறைக்கு உள்ளங்கையில் வியர்வைச் சுரப்பிகள் நிறைய உண்டு, எண்ணெய்ச் சுரப்பி ஒன்றுகூடக் கிடையாது. இழந்த பசையை அது தானாக ஈடுகட்ட வழியில்லை. ஜேர்மனியின் தொழிற்பாதுகாப்பு விதிகள் ஒரு வேலைநாளில் 2 மணிநேரத்துக்கு மேல் கை ஈரத்தில் இருந்தாலே அதைத் தோலுக்கு ஆபத்தான வேலையாகக் கணக்கிடுகின்றன. மழைநாளில் கொழுந்து எடுத்துவிட்டு வீட்டு வேலையையும் பார்க்கும் கை அந்த அளவை எளிதில் தாண்டிவிடும்.

நகக்கண்ணைத் தனியே கவனிக்க வேண்டும். நகத்தின் அடியில் ஒட்டியிருக்கும் அந்த மெல்லிய தோல் ஓரம் வெறும் அழுக்குத் திரை அல்ல. நகத்துக்கும் சதைக்கும் இடையிலான இடுக்கை மூடும் முத்திரை. அதைக் கடித்தாலோ வெட்டினாலோ, காய்ந்து தானாகக் கிழிந்தாலோ நீரும் கிருமியும் உள்ளே போக வழி கிடைக்கிறது. நகச்சுற்று பெரும்பாலும் அப்படித்தான் தொடங்குகிறது. உரிந்து நிற்கும் தோலை இழுக்காமல் நறுக்கிவிட்டு, ஓரத்தில் களிம்பைத் தேய்த்துவிடுவது போதும். சீழ் வைத்தாலோ விரல் வீங்கித் தெறித்தாலோ களிம்பை நம்பியிருக்காமல் வைத்தியரிடம் போக வேண்டும். நீரிழிவு உள்ளவர்கள் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது.

இனி எதைப் பூசுவது? நீர் ஆவியாவதைத் தடுப்பதில் மலிவான வாசலீனை மிஞ்சும் சாதாரணப் பொருள் கிடையாது. 1859இல் பென்சில்வேனியா எண்ணெய்க் கிணறுகளுக்குப் போன இரசாயனவியலாளர் ராபர்ட் செஸ்பரோ, எண்ணெய் இறைக்கும் தண்டுகளில் படியும் மெழுகைத் தொழிலாளர்கள் வெட்டுக்காயத்துக்கும் தீக்காயத்துக்கும் பூசுவதைக் கண்டார். அதைச் சுத்திகரித்து வாசலீனாக்கி 1872இல் காப்புரிமை பெற்றார். பிசுக்கு தோலை அடைத்து மூச்சுவிடாமல் செய்யும் என்று சிலர் தயங்குவார்கள். நாம் மூச்சுவிடுவது தோல் வழியாக அல்ல. 1992இல் வெளியான ஓர் ஆய்வு, வாசலீன் மேலேயே தங்காமல் சாந்து இடைவெளிகளுக்குள் இறங்குகிறது, அதன் கீழ் தோல் தன்னைச் சரிசெய்வதும் தடைப்படவில்லை என்று காட்டியது.

அப்படியானால் தலைமுறை தலைமுறையாகத் தேங்காய் எண்ணெய் பூசி வந்தது வீணா? வீணில்லை. 2004இல் பிலிப்பைன்ஸில் வறண்ட தோல் கொண்ட 34 பேரிடம் நடந்த சோதனையில் தேங்காய் எண்ணெய், சுத்திகரித்த கனிம எண்ணெய்க்குச் சமமாகப் பலன் தந்தது. அதன் குறை, 24 பாகை செல்சியஸிலேயே உருகிவிடுவதால் உடல் சூட்டில் நீராகி வழிந்துவிடும். 60 பாகைக்கு மேல்தான் உருகும் தேன்மெழுகை ஒரு பங்குக்கு நாலு பங்கு எண்ணெய் என்ற அளவில் சேர்த்து, சுடுநீருக்கு மேல் வைத்துக் கரைத்து ஆறவிட்டால் விரலில் நிற்கும் களிம்பு வீட்டிலேயே கிடைக்கும். ஆனால் எந்தக் களிம்பானாலும் காய்ந்து வறண்ட கையில் பூசினால் பாதிப் பலன்தான். காப்பதற்கு அங்கே நீர் இல்லை. கையைக் கழுவி, ஒற்றியெடுத்து, ஈரப்பதம் போவதற்குள் பூச வேண்டும்.

கறுவாவும் கிராம்பும் சேர்ந்தால் கூடுதல் நன்மைதானே என்று மாத்தளைக்காரர் கேட்பார். அவரது மண்ணின் பெருமையே அவை. கறியில் அவற்றின் இடத்தை யாரும் மறுக்கவில்லை. வெடித்த தோல் விஷயம் வேறு. கறுவாவின் சினமல்டிகைட்டும் கிராம்பின் யூஜினோலும் வாசனைப் பொருள் ஒவ்வாமையைக் கண்டறியத் தோல் வைத்தியர்கள் உலகெங்கும் பயன்படுத்தும் சோதனைக் கலவையிலேயே இருக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியம் இவற்றை அழகுசாதன உறையில் பெயர் சொல்லிக் குறிக்கச் சொல்கிறது. எல்லோருக்கும் ஒவ்வாது என்பதல்ல. சுவர் இடிந்த இடத்தில் அவை ஆழமாக இறங்கும் என்பதுதான் கவலை. பூசியதும் சுர்ரென்று எரிந்தால் மருந்து வேலை செய்கிறது என்று எண்ணுவது தவறு. தலைவலிக்குத் தடவும் கற்பூரத் தைலத்துக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

தோட்டத்திலிருந்து வரும் மறுப்பும் நியாயமானதே. பிசுக்குக் கையால் கொழுந்து எடுத்தால் விரல் வழுக்கும். தேயிலையோ வாசனையைச் சட்டென்று இழுத்துக்கொள்ளும். அதனால்தான் களிம்புக்கு உகந்த நேரம் இரவு, கடைசிப் பாத்திரமும் கழுவி முடிந்த பிறகு. கூலியையும் வேலை நேரத்தையும் பேசாமல் களிம்பைப் பற்றிப் பேசுவது ஏய்ப்பு என்றும் சொல்லலாம். களிம்பு வெடிப்பை ஆற்றும், மறுநாள் நனைவதை நிறுத்தாது என்பது உண்மை. ஆனால் இந்த விளக்கமே கூலி, வேலை நேரக் கோரிக்கைக்கும் ஆதாரம்: கை கெடுவது கொழுந்து எடுப்பவரின் கவனக்குறைவால் அல்ல, வேலையின் ஈரத்தால். ஈர வேலையைத் தொழில் ஆபத்தாகக் கணக்கிடும் நாடுகளில் கையுறையும் கைக்களிம்பும் வேலை கொடுப்பவர் தர வேண்டியவை. இங்கும் அவை சலுகையாக அல்ல, வேலைக் கருவியாகவே கேட்கப்பட வேண்டும்.