மீனுக்கு உதவும் செடி

கண்ணாடித் தொட்டியில் துள்ளி நீந்தும் வண்ண மீன்களைக் கண்டு மகிழாதவர் யார்? ஆனால் வாங்கிய சில நாட்களிலேயே அவை இறந்து மிதப்பதையும் பல வீடுகளில் காண்கிறோம். "தண்ணீர் தெளிவாகத்தானே இருந்தது!" என்று வருந்துகிறோம். தெளிந்த நீரெல்லாம் நல்ல நீர் அன்று.

மீன்கள் தம் செவுள்களின் வழியாக அம்மோனியாவை வெளியேற்றுகின்றன. மிஞ்சிய உணவு அழுகுவதாலும் அது உண்டாகிறது. கண்ணுக்குத் தெரியாத இந்த நஞ்சு ஆற்றிலும் குளத்திலும் பெருநீரில் கலந்து குறைந்துவிடும்; சிறு தொட்டியிலோ தேங்கி மீனைக் கொல்லும்.

இதற்கு இயற்கையிலேயே வழி உண்டு. தொட்டியில் பெருகும் ஒருவகைப் பாக்டீரியாக்கள் அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. மற்றொரு வகை அதனை நைட்ரேட்டாக மாற்றுகிறது. இத்தகைய பாக்டீரியாக்களை 1890-ஆம் ஆண்டளவில் ஆராய்ந்து விளக்கியவர் ரஷ்ய அறிஞர் வினோகிராட்ஸ்கி. நைட்ரைட்டும் நஞ்சே. நைட்ரேட்டின் தீமை குறைவு. எனினும் அது நாள்தோறும் சேர்ந்துகொண்டே போகும்.

இங்கேதான் செடி உதவிக்கு வருகிறது. நைட்ரேட் செடிகளுக்கு உணவு அன்றோ! மணி பிளான்ட் கொடியில் கணுவுள்ள ஒரு துண்டை வெட்டி, மண் போகக் கழுவி, கணு நீருக்குள்ளும் இலைகள் வெளியிலும் இருக்குமாறு தொட்டியின் விளிம்பில் பொருத்த வேண்டும். சில வாரங்களில் வேர் விடும். வேர்கள் அம்மோனியாவையும் நைட்ரேட்டையும் உறிஞ்சும். இலைகள் காற்றிலிருந்து கரியமில வாயுவைப் பெறுவதால் கொடி நன்கு வளரும். வளர வளரக் கழிவும் குறையும். சன்னலோர வெளிச்சம் போதும். அழுகிய வேர்களை உடனே நீக்கிவிட வேண்டும். இலையைக் கடித்தால் வாய் எரியும். ஆகவே தம்பி தங்கையருக்கு எட்டாமல் வைப்பது நலம்.

சிலர் சிறு பூச்சாடியில் செடியை நட்டு, அதன் அடியில் ஒரு சண்டை மீனை விட்டு, "வேரைத் தின்று பிழைக்கும்" என்பர். இது பெருந்தவறு. சண்டை மீன் புழு பூச்சிகளை உண்பது. நீரின் மேலே வந்து காற்றையும் சுவாசிப்பது. வழியை அடைத்தால் அது என்ன செய்யும்?

செடி நமக்குத் துணையே தவிர, நம் வேலையைச் செய்யும் பணியாள் அன்று. வாரந்தோறும் கால் பங்கு நீரை, குளோரின் நீக்கிய நீரால் மாற்றுவதும், அளவோடு உணவிடுவதும் நம் கடமை. வாயில்லா உயிரை வீட்டிற்கு அழைத்து வந்தவர்கள் நாம். அதன் நீரைக் காப்பதும் நம் பொறுப்பன்றோ, தோழியரே!

— பத்தாம் வகுப்பு மாணவி