சித்திரப் புலியும் அறப் பயிற்சியும்

சிறார்க்குக் கதை வாயிலாக அறம் புகட்டுதல் தொன்றுதொட்ட வழக்காகும். அக்கதை இன்று தொலைக்காட்சியில் அசையும் சித்திரமாகவும் அமைகின்றது. ஐக்கிய அமெரிக்காவில் 2012ஆம் ஆண்டு தொடங்கிய 'டானியல் டைகர்' என்னும் தொடர் இவ்வகையிற் குறிப்பிடத்தக்கது. 1968 முதல் 2001 வரை அந்நாட்டுச் சிறார் கண்டு மகிழ்ந்த பிரெட் றோஜர்ஸின் நிகழ்ச்சியினின்றும் கிளைத்தது இது. அந்நிகழ்ச்சியில் வந்த கைப்பாவைப் புலியின் நான்கு வயது மைந்தனே இதன் கதைத்தலைவன்.

கதை முடிவில் நீதியொன்றை ஒட்டிவைப்பது இத்தொடரின் முறையன்று. சினம் மூண்டால் மூச்சை ஆழ இழுத்து நான்குவரை எண்ணுதல் போன்ற ஒரு செயலை எடுத்துச் சிறு பாட்டாக்கி, இரு கதைகளிற் பலமுறை ஒலிக்கச் செய்யும். சினத்தை விலக்குக எனக் கூறுவது ஒன்று; சினம் வந்தவிடத்துச் செய்யத்தக்கது யாதெனப் பயிற்றுவது பிறிதொன்று.

எனினும் சித்திரம் மாத்திரம் போதுமோ? ரெக்சாஸ் ரெக் பல்கலைக்கழக ஆய்வாளர் 2016இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை தருகின்றது. இரண்டு முதல் ஆறு வயது வரையான 127 சிறார் அதில் இடம்பெற்றனர். இத்தொடரைப் பார்த்தோருள், தாம் காண்பவை பற்றிப் பெற்றோருடன் அடிக்கடி உரையாடும் வழக்கமுடையோரே பிறர் உள்ளமுணர்ந்து இரங்கும் பண்பில் மேம்பட்டனர். ஆதலின், குழந்தையைத் தொலைக்காட்சியின் முன் இருத்திவிட்டு அகலுதல் அறப் பயிற்சியாகாது. அருகிருந்து வினாவுதலும் விடையளித்தலுமே கதையை ஒழுக்கமாக்கும்.