கறுப்புப் போர்வையில் வந்த காளைகள்!

நாட்டின் தலைவர் வரவில்லை. கோப்பையைத் தம் கையால் எடுத்துக் கொடுத்து, கைதட்டல் வாங்கிக்கொண்டு போவது அவருடைய வழக்கம், அன்று வரவில்லை. தொலைக்காட்சி அந்த ஆட்டத்தைக் காட்டவில்லை. நாடே காணத் துடித்த ஆட்டம். நாடு காணக்கூடாது என்று முடிவு கட்டிவிட்டார்கள் ஆளவந்தார்கள்!

ஏன்? எதிரி படையெடுத்து வந்தானா? கொள்ளை நோய் பரவிற்றா? இல்லை, தோழர்களே, இல்லை. மாணவர் சங்கத்தின் அணி ஒன்று பந்து விளையாட வந்தது. அவ்வளவுதான்!

1969ஆம் ஆண்டு ஜூன் திங்கள் 22ஆம் நாள். போர்ச்சுக்கல் நாட்டுத் தலைநகர் லிஸ்பனை அடுத்த ஜமோர் பள்ளத்தாக்கிலே தேசிய விளையாட்டரங்கு. போர்ச்சுக்கல் கோப்பைக்கான இறுதி ஆட்டம். ஒரு பக்கம் பென்ஃபிகா: ஐரோப்பாவையே இருமுறை வென்ற அணி. மறுபக்கம் அகாடமிகா: கோயிம்பிரா பல்கலைக்கழக மாணவர் சங்கத்தின் அணி. பந்து உருண்டது பள்ளத்தாக்கில், பதைபதைத்தது பதவிபீடம்! அந்தக் கதையைத்தான் இன்று நாம் சொல்ல வந்தோம்.

'விளையாட்டில் அரசியலைக் கலக்காதே' என்று உபதேசம் செய்பவர்கள் எல்லா நாட்டிலும் உண்டு. கலந்தவன் யார் என்று அவர்களை நாம் கேட்க வேண்டும். சலாசார் என்றொரு சர்வாதிகாரி. கோயிம்பிராவிலே பொருளாதாரம் போதித்த பேராசிரியர். 1932இல் பிரதமர் நாற்காலியில் ஏறியவர், 36 ஆண்டுகள் அதைவிட்டு எழுந்திருக்கவேயில்லை. பத்திரிகைக்குத் தணிக்கை. பேச்சுக்கு ஒற்றன். வேலைநிறுத்தம் குற்றம். சுதந்திரமான தொழிற்சங்கங்களுக்குப் பூட்டு. ஆளவந்தாரை எதிர்த்தவனுக்கு 'பிடே' என்ற இரகசியப் போலீசின் சிறைக்கொட்டடி. கோவாவை விட்டு இறங்க மாட்டோம் என்று 1961 டிசம்பர் வரையில் பிடிவாதம் பிடித்ததும் இதே ஆட்சிதான். அங்கோலாவில் 1961, கினியாவில் 1963, மொசாம்பிக்கில் 1964. ஆப்பிரிக்க மக்கள் விடுதலை கேட்டு எழுந்தபோது, தன் நாட்டு ஏழை வீட்டுப் பிள்ளைகளைத் துப்பாக்கியோடு கப்பலேற்றி அனுப்பியதும் இதே ஆட்சிதான்.

இத்தனைக்கும் நடுவே மக்களை மயக்கத்தில் வைத்திருக்க மூன்று மருந்துகள் இருந்தன என்று அந்நாட்டு எதிர்ப்பாளர்கள் கேலி பேசுவார்கள். ஃபாடோ என்னும் சோகப் பாட்டு, பாத்திமா என்னும் புண்ணியத் தலம், மூன்றாவது கால்பந்து. பாட்டு, பக்தி, பந்து! ஜமோர் அரங்கைக் கட்டி 1944இல் திறந்து வைத்ததும் சலாசாரே. ஆகவே, பந்தாட்டத்திலே அரசியலைக் கலந்தவர்கள் மாணவர்கள் அல்லர். அரண்மனைக்காரர்கள் முன்பே கலந்து வைத்திருந்தார்கள். மயக்க மருந்தென்று அவர்கள் வைத்த பாத்திரத்தை மாணவர்கள் மணியாக்கி அடித்துவிட்டார்கள் என்பதுதான் ஆத்திரம்!

1968இல் சலாசார் நோயில் விழுந்தார். மார்செலோ கேட்டானோ என்ற சட்டப் பேராசிரியர் பிரதமரானார். ஆள் மாறினால் ஆட்சியும் மாறும், இனிக் கொஞ்சம் மூச்சுவிடலாம் என்று சிலர் நம்பினார்கள். அந்த நம்பிக்கைக்குச் சோதனை வந்த நாள் 1969 ஏப்ரல் 17.

அன்று கோயிம்பிரா பல்கலைக்கழகத்தில் கணிதத் துறைக்குப் புதுக் கட்டடத் திறப்பு விழா. 1290இல் பிறந்த பல்கலைக்கழகம் அது. குடியரசுத் தலைவர் அமெரிக்கோ தோமாஸ் வந்திருக்கிறார். கடற்படை அதிகாரியாக இருந்து அந்தப் பதவிக்கு வந்தவர். அமைச்சர்கள் அமர்ந்திருக்கிறார்கள். மாணவர்களுக்காகக் கட்டிய கட்டடம். மாணவர் ஒருவருக்கும் பேச இடமில்லை! மாணவர் சங்கத் தலைவர் அல்பெர்ட்டோ மார்ட்டின்ஸ் என்ற சட்டக் கல்லூரி இளைஞர் எழுந்து நின்றார். கோயிம்பிரா மாணவர்களின் பெயரால் பேச அனுமதி வேண்டும் என்று கேட்டார்.

கல் எறிந்தாரா? இல்லை. காறி உமிழ்ந்தாரா? இல்லை. கையில் ஆயுதம் இருந்ததா? இல்லவே இல்லை. ஒரு வார்த்தை பேச அனுமதி கேட்டார், நாட்டின் தலைவரிடம், நாகரிகமாக, நிமிர்ந்து நின்று! முதலில் அமைச்சர் பேசட்டும் என்று தட்டிக் கழித்தார் தலைவர். அமைச்சர் பேசி முடித்தார். மாணவரின் முறை வருமுன் விழாவே முடிந்துவிட்டது. தலைவரும் பரிவாரமும் புறப்பட்டுப் போய்விட்டார்கள். அவர்கள் போனபின் மாணவர்கள் மண்டபத்துக்குள் நுழைந்து, தங்கள் திறப்பு விழாவைத் தாங்களே நடத்திக்கொண்டார்கள்.

அன்றிரவே மார்ட்டின்ஸ் கைது செய்யப்பட்டார். வாயைத் திறக்க அனுமதி கேட்டவருக்குச் சிறையின் வாயைத் திறந்து காட்டினார்கள்! மாணவர் தலைவர்கள் பல்கலைக்கழகத்திலிருந்து இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். விளைவு? வகுப்புகள் வெறிச்சோடின. ஊருக்குள் போலீஸ் படை புகுந்தது. மாணவர்கள் தெருவில் இறங்கி ஊராருக்குப் பூக்களைக் கொடுத்தார்கள். தங்கள் பக்கத்து நியாயத்தை எடுத்துச் சொன்னார்கள். ஜூன் மாதம் தேர்வு வந்தது. ஓராண்டுப் படிப்பு போய்விடும். படிப்பு போனால் பட்டாளத்தில் பிடித்துப் போடுவார்கள். பட்டாளம் என்றால் ஆப்பிரிக்கப் போர்முனை. அத்தனையும் தெரிந்துதான் மிகப் பெரும்பாலோர் தேர்வைப் புறக்கணித்தார்கள். தாய் தந்தையர் வயிற்றைக் கட்டி வாயைக் கட்டிப் படிக்க வைத்த பிள்ளைகளும் அதிலே இருந்தார்கள் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

இந்த நேரத்திலேதான் மாணவர் சங்கத்தின் பந்தாட்ட அணி, ஸ்போர்ட்டிங் என்ற பெரிய அணியை அரையிறுதியில் வீழ்த்திவிட்டு இறுதி ஆட்டத்திற்கு வந்து நின்றது! கோயிம்பிராவில் அடைத்து வைத்த குரல் தலைநகருக்கே வந்துவிட்டது, நுழைவுச் சீட்டு வாங்கிக்கொண்டு!

இந்த அணியைப் பற்றி இரண்டு வார்த்தை. 1887இல் தோன்றிய மாணவர் சங்கத்தின் பிள்ளை இது. ஆட்ட உடையே கறுப்பு. போர்ச்சுக்கல் கோப்பை என்ற போட்டி தொடங்கிய 1939ஆம் ஆண்டிலேயே, இதே பென்ஃபிகாவை 4க்கு 3 என்று வென்று முதல் கோப்பையைத் தூக்கியது. அதன் ஆட்டக்காரர்களில் பலர் காலையில் பாடம் கேட்டு, மாலையில் பந்து உதைத்தவர்கள். 1968-69 பருவத்தில் நாட்டின் முதல் தர லீக்கிலேயே அதிகக் கோல் போட்டவர், 19 கோல் போட்ட மனுவேல் அந்தோனியோ, இந்த அணியைச் சேர்ந்தவர். 'மாணவப் பயல்கள்தானே' என்று ஒதுக்கிவிடக்கூடிய அணியல்ல. ஆனால் அணியின் இன்னொரு தூணான ஆர்தூர் ஜோர்ஜ் அன்று ஆடவில்லை. கட்டாய இராணுவப் பணி அவரைப் பிடித்து வைத்திருந்தது.

ஜூன் 22. அரங்கு நிரம்பி வழிந்தது. கோயிம்பிராவிலிருந்து மாணவர்கள் திரண்டு வந்திருந்தார்கள். போலீசும் திரண்டிருந்தது. இரு அணிகளும் களத்துக்கு வரும் நேரம். ஆட்டக்காரர்கள் துள்ளி ஓடி வருவதுதானே வழக்கம்? அகாடமிகா அணியினர் ஓடவில்லை, நடந்தார்கள். மெல்ல, மிக மெல்ல நடந்தார்கள். ஒவ்வொருவர் தோளிலும் கோயிம்பிரா மாணவர்கள் அணியும் நீண்ட கறுப்புப் போர்வை. பறிபோன உரிமைக்குத் துக்கம் காக்கும் ஊர்வலம்போல் அவர்கள் வந்தார்கள். கறுப்புக்கு என்ன பொருள் என்று இந்த ஏட்டின் வாசகருக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை!

வாய் திறக்கவில்லை ஒருவரும். எந்தச் சட்டத்தின் கீழ் அவர்களைப் பிடிப்பது? தோளில் போர்வை போட்டது குற்றமா? மெதுவாக நடந்தது குற்றமா? தணிக்கை அதிகாரியின் நீலப் பென்சில் எழுத்தை அடிக்கலாம். நடையை எப்படி அடிப்பது?

இடைவேளை வந்தது. பார்வையாளர் பகுதியிலே பதாகைகள் எழுந்தன. நல்ல கல்வி வேண்டும், போலீஸ் குறைய வேண்டும் என்றது ஒன்று. சுதந்திரமான பல்கலைக்கழகம் வேண்டும் என்றது மற்றொன்று. கல்வி எல்லோருக்கும் உரியதாக வேண்டும் என்ற முழக்கம் எழுந்தது. துண்டறிக்கைகள் கை மாறின. இரண்டு மாதமாக எந்தப் பத்திரிகையிலும் முழுமையாக வரமுடியாத செய்தி, பல்லாயிரம் பேர் கண்முன்னே விரிந்து நின்றது. பென்ஃபிகாவைக் காண வந்த கப்பல்துறைத் தொழிலாளியும் படித்தான், கடைச் சிப்பந்தியும் படித்தான்.

ஆட்டம்? அதிலும் குறை வைக்கவில்லை மாணவர்கள். முழக்கம் போட்டுவிட்டோம், கடமை தீர்ந்தது என்று காலை மடக்கிக்கொண்டு உட்காரவில்லை. ஆட்டம் முடிய ஏறத்தாழ பத்து நிமிடம் இருக்கையில் மனுவேல் அந்தோனியோ பந்தை வலைக்குள் அனுப்பினார். அகாடமிகா 1, பென்ஃபிகா 0! இன்னும் சில நிமிடம் தாக்குப்பிடித்தால் கோப்பை மாணவர் கையில்! ஆனால் அடுத்த சில நிமிடங்களில் சிமோயிஸ் சமன் செய்தார். கூடுதல் நேரம். அதிலே யூசேபியோவின் கால் பேசியது. 2க்கு 1. கோப்பை பென்ஃபிகாவுக்கு.

இங்கே நாம் ஒரு கணம் நிற்க வேண்டும். யூசேபியோ மீது கோபம் வருகிறதா? வரக்கூடாது. யார் அந்த யூசேபியோ? போர்ச்சுக்கல் அடிமைப்படுத்தி வைத்திருந்த மொசாம்பிக்கில், மஃபலாலா என்ற ஏழைக் குடியிருப்பில் 1942இல் பிறந்த கறுப்பின இளைஞர். 1966 உலகக் கோப்பையில் 9 கோல் போட்டு உலகையே வியக்க வைத்தவர். இத்தாலி நாட்டு அணிகள் பெரும்பணத்தோடு அழைத்தபோது, அவரை நாட்டை விட்டுப் போகவிடவில்லை ஆட்சி. அவர் தேசத்தின் சொத்தாம்! அவர் பிறந்த மண்ணின்மீது குண்டு பொழிந்துகொண்டே, அவரைத் தன் பெருமைக்குப் பதக்கமாகக் குத்திக்கொண்டது அந்த ஆட்சி. பேசத் துடித்த மாணவரை வென்றவரும் போக உரிமையற்றவர்தான். களத்தில் எதிரெதிரே நின்றார்கள். கட்டிய கயிறு ஒன்றே! எதிரணியில் நிற்பவனெல்லாம் எதிரியல்ல என்பதைக் கழகத் தோழர்கள் இதிலே கற்றுக்கொள்ள வேண்டும். பென்ஃபிகாவின் வெற்றி உழைத்துப் பெற்ற வெற்றி. அதை ஆட்சியின் வெற்றியென்று எண்ணுவது ஆளவந்தாருக்கு நாமே மாலை போடுவதாகும்.

'சரி, தோற்றுத்தானே போனார்கள்? என்ன கண்டார்கள்?' என்று கேட்பவர் உண்டு. கணக்கை மறைக்காமல் சொல்வோம். உடனே கண்டது துன்பம்தான். அதே 1969ஆம் ஆண்டு அக்டோபரில் 49 மாணவர்களைப் பிடித்துப் பட்டாளத்தில் சேர்த்தார்கள். ஆனால் 1970 ஜனவரியில் கல்வி அமைச்சர் மாற்றப்பட்டார். 1974 ஏப்ரல் 25இல் போர் செய்து சலித்த இராணுவ இளம் அதிகாரிகள் எழுந்தார்கள். சிப்பாய்களின் துப்பாக்கி முனையில் மக்கள் சிவப்புப் பூக்களைச் செருகினார்கள். ஏறத்தாழ அரை நூற்றாண்டுச் சர்வாதிகாரம் ஒரே நாளில் சரிந்தது. தோமாசும் கேட்டானோவும் பிரேசிலுக்கு அனுப்பப்பட்டார்கள். ஒரு பந்தாட்டம் ஆட்சியைக் கவிழ்த்தது என்று நாம் கதை கட்டமாட்டோம். ஆனால் அஞ்சி அடங்கிக் கிடந்த நாட்டிலே, அஞ்சாமல் நடக்க முடியும் என்று பல்லாயிரம் பேருக்கு நடந்து காட்டிய ஆட்டம் அது!

பேச அனுமதி மறுக்கப்பட்ட அல்பெர்ட்டோ மார்ட்டின்ஸ், 2009இல் அதே நாட்டின் நீதி அமைச்சரானார். கோல் போட்ட மனுவேல் அந்தோனியோ மருத்துவராகி, கோயிம்பிராவின் புற்றுநோய் மருத்துவமனைக்குத் தலைமை ஏற்றார். ஆட முடியாமற்போன ஆர்தூர் ஜோர்ஜ், 1972இல், சர்வாதிகாரம் இன்னும் உயிரோடிருந்த காலத்திலேயே, பந்தாட்டக்காரர்களுக்கென்று எழுந்த தொழிற்சங்கத்தின் முதல் தலைவரானார்! தொழிலாளத் தோழர்களே, இதைக் கொஞ்சம் கவனியுங்கள். புகழும் பணமும் உள்ள ஆட்டக்காரனும் உழைப்பாளிதான், அவனுக்கும் சங்கம் வேண்டும் என்று உணர்ந்தவர் அவர். பயிற்சியாளராகி 1987இல் போர்ட்டோ அணிக்கு ஐரோப்பியக் கோப்பையையும் வாங்கித் தந்தார். கறுப்புச் சட்டை அணிக்குக் கோப்பை? அதுவும் வந்தது. 2012இல் ஸ்போர்ட்டிங்கை 1க்கு 0 என்று வென்று, 73 ஆண்டுகளுக்குப் பின் அகாடமிகா அதே கோப்பையை மீண்டும் ஏந்தியது, அதே ஜமோர் அரங்கிலே!

தேர்தலில் ஓர் இடம் தோற்றால் துவண்டுவிடும் தோழர்களுக்கும், வேலைநிறுத்தம் ஒன்று முறிந்தால் சங்கமே வீண் என்று சலித்துக்கொள்ளும் தொழிலாளருக்கும் நாம் சொல்வது இதுதான். முழக்கம் மட்டும் போதாது. ஆட்டத்தையும் திறம்பட ஆட வேண்டும். ஆட்டத்தில் தோற்கலாம், அதற்காக வந்த காரியத்தைக் களத்திலேயே விட்டுவிட்டுத் திரும்பக் கூடாது. ஒரு வார்த்தை பேசவிடாத ஆட்சி வலிமையான ஆட்சி அல்ல. அந்த ஒரு வார்த்தைக்கு நடுங்குகிற ஆட்சி. நடுங்குகிறவன் கையிலே தடி இருக்கலாம், கோப்பை இருக்கலாம், கொலுமண்டபமே இருக்கலாம். நாளை அவனுக்கில்லை!