நன்றி கெட்டவர்களா நாம்?



"நம்ம சனங்க நன்றி கெட்டவங்களா தம்பி?" என்று ஒரு பெரியவர் கேட்டார். பால்மரம் சீவியே தேய்ந்த கை. சுங்கை சிப்புட்டை மனதில் வைத்துத்தான் கேட்டார்.

1959 முதல் 1974 வரை துன் சம்பந்தன், 1974 முதல் 2008 வரை சாமிவேலு என்று, அரை நூற்றாண்டு ம.இ.கா.வையே நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய தொகுதி அது. 2008 மார்ச் 8-இல் டாக்டர் ஜெயக்குமார் பக்கம் சாய்ந்தது. 2022-இல் ம.இ.கா. தேசியத் தலைவரே நின்றும் திரும்பவில்லை.

அந்தக் காலத்துக் கிளை என்றால் லயத்து ஓரத்தில் ஒரு பலகைக் கொட்டகை, ஒரு கேரம் போர்டு, சுவரில் தலைவர் படம். சிவப்பு அடையாளக் கார்டை நீலமாக்கணுமா, பள்ளிக்கூடக் கூரை ஒழுகுதா, கிளைத்தலைவர் வீட்டுக் கதவைத்தான் தட்டுவோம். பல தோட்டங்களில் கோயில் தலைவரும் அவரேதான்! தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற காலத்தில், 1960-இல், துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். மாதம் பத்து வெள்ளி கட்டி நம்மவர்கள் தோட்டம் வாங்கினார்கள். அந்த நன்றி வெகு காலம் ஓட்டாக விழுந்தது.

நான் வளர்ந்த தோட்டத்திலும் ஒரு கட்சிக் கிளை இருந்தது. எந்தக் கட்சி என்பது வேண்டாம். கிளைத் தேர்தல் வந்தால் எல்லாருடைய சந்தாவையும் ஒரே ஆள் கட்டிவிடுவார். என் அப்பா உறுப்பினர் என்பதே, கூட்டத்துக்கு ஆள் ஏற்ற லாரி வந்த அன்றைக்குத்தான் அவருக்குத் தெரியும். பிறகு தோட்டத்தை விற்று நோட்டீஸ் ஒட்டினார்கள். அப்பா போய்க் கதவைத் தட்டினார். "மேலிடத்துல பேசிக்கிட்டு இருக்கோம்" என்றார்கள். பேசி முடிவதற்குள் லயத்தை இடித்துவிட்டார்கள்.

லயம் போனால் கிளையும் போச்சு. டவுனுக்குப் போய் புறம்போக்கில் குடிசை போட்டவனுக்கும், அடுக்குமாடியில் வாடகைக்கு ஒண்டியவனுக்கும் எந்தக் கிளைத்தலைவர்? 2007 நவம்பர் 25-இல் கோலாலம்பூர் ஹிண்ட்ராஃப் பேரணியில் கண்ணீர்ப்புகை வாங்கியவர்களில் தோட்டத்துப் பிள்ளைகளும் இருந்தார்கள். அடுத்த நாலு மாதத்துக்குள் தேர்தல்.

பெரியவரிடம் இதையெல்லாம் சொன்னேன். சட்டைப் பையிலிருந்து பழைய உறுப்பினர் கார்டை எடுத்துக் காட்டினார். "இது இருக்கட்டும் தம்பி. ஓட்டை வேற பக்கம் போட்டுட்டேன்" என்றார்.

இப்போது புதுக் கட்சிகளும் கிளைப் பலகை மாட்டுகின்றன. சேருங்கள், வேண்டாம் என்று சொல்ல நான் யார்? சந்தாவை மட்டும் உங்கள் கையால் கட்டி, உங்கள் பெயரில் ரசீது கேளுங்கள். ரசீது இல்லை என்றால் பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு வாங்க.