பூனைக்குட்டியைத் தெரிந்தெடுக்குமுன்

மேற்கு மலைத்தொடரின் அடிவாரத்திலே, வயலும் தோப்பும் சூழ அமைந்த ஊர் இராயகிரி. நெல் மூட்டை அடுக்கிய வீட்டிற்கு எலி தானே வரும். எலி வந்த வீட்டிற்குப் பூனை வேண்டும். இது நேற்று ஏற்பட்ட உறவன்று. சைப்பிரஸ் தீவில் ஏறத்தாழ 9,500 ஆண்டுகளுக்கு முன் ஒரு மனிதரின் கல்லறைக்கருகே பூனையொன்றும் அடக்கம் செய்யப்பட்டிருந்ததை ஆய்வாளர்கள் 2004-ஆம் ஆண்டு வெளியிட்டனர். நம் விவிலியத்தில் பாரூக்கு நூலின் ஆறாம் அதிகாரமாகிய எரேமியாவின் மடலிலே, பாபிலோனியச் சிலைகள்மீது வந்தமரும் உயிர்களுள் ஒன்றாகப் பூனை இடம்பெறுகிறது.

இத்துணைத் தொன்மையான தோழமையை நம் இல்லங்களில் எவ்வாறு தொடங்குகிறோம்? வீடு மந்திரிக்கச் செல்லும்போது, புதிதாக வந்த குட்டியைப் பிள்ளைகள் ஓடிவந்து நம்மிடம் காட்டுவதுண்டு. "எதைப் பார்த்து எடுத்தீர்கள்?" என வினவினால், பெரும்பாலும் கிடைக்கும் விடை: "நிறம் அழகாயிருந்தது, சாமி!"

முதலில் பார்க்க வேண்டியது குட்டியை அன்று, நம் வீட்டை. நன்கு பேணப்படும் பூனை பதினைந்து ஆண்டுகள்வரைகூட வாழும். மூன்றாம் வகுப்புச் சிறுவன் மடியில் ஏந்தி வரும் குட்டி, அவன் வேலைக்குச் செல்லும் காலத்திலும் திண்ணையில் படுத்திருக்கக் கூடும். அதுவரை உணவளிப்பவர் யார், ஊருக்குச் சென்றால் கவனிப்பவர் யார் என்பதைக் குடும்பமாக அமர்ந்து பேசி முடிவுசெய்க.

நல்ல குட்டியின் அடையாளங்கள்

எட்டு வாரம் நிரம்பாத குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்கலாகாது. பன்னிரண்டு வாரம் தாயோடிருப்பின் இன்னும் நன்று. தாயிடமும் உடன்பிறப்புகளிடமும் விளையாடித்தான், கடியையும் நகத்தையும் அடக்க அது கற்றுக்கொள்கிறது.

கண்கள் பீளையின்றித் தெளிவாயிருத்தல் வேண்டும். மூக்கு ஒழுகலாகாது. காதினுள் கரிய அழுக்கு மண்டியிருப்பின் செள்ளுப் பூச்சி இருக்கலாம். உடல் மெலிந்து வயிறுமட்டும் உப்பியிருப்பின் குடற்புழுவை ஐயுறுக. பின்புறம் கழிச்சலால் நனைந்திருத்தல் கூடாது. பின்னர்ச் சற்றுத் தொலைவில் அமைதியாக அமர்ந்து ஒரு கயிற்றை இழுத்துப் பாருங்கள். ஓடிவந்து பற்றும் குட்டி, பிள்ளைகள் உள்ள வீட்டிற்கு ஏற்றது. ஒதுங்கி நிற்கும் குட்டிக்குப் பொறுமையுள்ள வீடு வேண்டும்.

பசும்பால் பல பூனைகளுக்குக் கழிச்சல் தரும். வேகவைத்த, முள் நீக்கிய மீனும் தூய நீருமே நலம். காய்ச்சலுக்கு நாம் விழுங்கும் பாரசிட்டமால் பூனைக்கு நஞ்சு. எலிமருந்து தின்ற எலியைத் தின்னும் பூனையும் மடியக்கூடும். ஆதலால் பூனை வந்த வீட்டில் அம்மருந்து வேண்டாம். மூன்று மாதம் ஆனதும் கால்நடை மருந்தகத்தில் வெறிநோய்த் தடுப்பூசி போடுக. கடித்தாலோ கீறினாலோ காயத்தைச் சோப்பும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவி, தாமதமின்றி மருத்துவரிடம் செல்க.

பெட்டை என்பதால்...

நம் உள்ளத்தை உறுத்துவது வேறொன்று. கடுவன் குட்டிகளை அண்டை வீட்டார் கேட்டு வாங்குவர். பெட்டைகளோ சாக்கில் கட்டப்பட்டு ஊர் எல்லைக்குப் போகும். கறுப்புக் குட்டிக்குச் சகுனத்தின் பேரால் அதே கதி. முந்நிறக் குட்டி ஏறக்குறைய எப்போதும் பெட்டையே என்பதை அறியாமல், அழகுக்காக எடுத்து, அது சினையானதும் விரட்டுவோரும் உளர். பட்டினியால் வருந்தும்படி விலங்கைக் கைவிடுவது, 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம்.

சட்டத்தினும் பெரியது, சாக்கைப் பார்த்து நிற்கும் பிள்ளையின் கண். பெண் சிசுக்களைக் காக்க 1992-இல் அரசு தொட்டில் வைக்க நேர்ந்த மாநிலம் நம்முடையது. பெட்டை என்றால் எறியலாம் என்னும் பாடத்தை நம் முற்றத்தில் எச்சிறு வடிவிலும் கற்பிக்க வேண்டா. பெட்டை நான்கைந்து மாதத்திலேயே சினைப்படக்கூடும் என்பதால், மருத்துவரைக் கலந்து உரிய காலத்தில் கருத்தடை செய்தால், சாக்கிற்கு வேலையே இராது.

தேவையின்றி விலங்குகளைத் துன்புறுத்துவது மனித மாண்புக்கு முரண் எனத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் கற்பிக்கிறது. மனிதரின் துயர் துடைக்கச் செல்லவேண்டிய பணத்தை விலங்குகளுக்குச் செலவிடுவதும் தகாது என அதே பத்தியில் உரைக்கிறது. ஆகவே பல்லாயிரம் கொடுத்து அயல்நாட்டு இனம் வாங்க வேண்டிய அவசியம் நமக்கில்லை. பக்கத்துத் தெருவில் எவரும் கேளாத அந்தப் பெட்டைக் குட்டி, நலமுடையதாயின், நம் வீட்டிற்குப் போதும். புனித பிரான்சிஸ் அசிசியாரின் திருநாளாகிய அக்டோபர் 4 அன்று, அதற்குச் சோறு வைக்கும் பொறுப்பை உங்கள் இளைய பிள்ளையிடம் ஒப்படையுங்கள்.